பணம் கட் ஆச்சு, எப்போ வரும்? ‘எப்போதாவது’ என்ற வார்த்தையைச் சரிபார்க்கும் சாஃப்ட்வேரின் 20 வருடக் கதை

காரைக்குடியில் ஒரு கண்டாங்கி சேலைக் கடை. சேலையைத் தேர்ந்தெடுத்து, க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து, பின் நம்பரும் போட்டாச்சு. பணம் பிடிக்கப்பட்டதாக உங்கள் போனுக்கு எஸ்எம்எஸ் வந்துவிட்டது. கடைக்காரரின் ஸ்பீக்கர் பாக்ஸ் மட்டும் வாயே திறக்கவில்லை. “வரலையேம்மா” என்கிறார் அவர். “போயிருச்சுண்ணே, பாருங்க” என்று போனைக் காட்டுகிறீர்கள். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. பணம் நடுவில் எங்கேயோ நிற்கிறது.

இந்த மாதிரி நேரத்தில் எங்கே விசாரித்தாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: “வந்துரும்.”

இந்த ‘வந்துரும்’ கொஞ்சம் வில்லங்கமான வாக்குறுதி. இன்றைக்கு வரவில்லையா? நாளைக்கு வரலாம். ஒரு வருடம் காத்திருந்தும் வரவில்லையா? அடுத்த வருடம் வரலாமே! எவ்வளவு நாள் காத்திருந்தாலும் ‘வந்துரும்’ பொய் என்று உங்களால் நிரூபிக்க முடியாது. அப்படியானால், ஒரு சாஃப்ட்வேர் இந்த வாக்குறுதியை நிஜமாகவே காப்பாற்றுமா என்று அதை எழுதியவர்களுக்கு மட்டும் எப்படித் தெரியும்?

இதற்குப் பதில் தேடித்தான் ஒரு தனித் துறையே உருவானது. அதில் இன்று பலரும் பயன்படுத்தும் கருவிகளில் ஒன்று ‘ஸ்பாட்’ என்ற ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி. பாரிஸில் பிறந்தது. (நம்ம யுபிஐ-யை ஸ்பாட் வைத்துச் சரிபார்க்கிறார்கள் என்று சொல்ல வரவில்லை. எல்லோருக்கும் பழகிய தலைவலி என்பதால் அதை உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.)

டெஸ்டிங் பண்ணினா போதாதா?

ஐடியில் இருப்பவர்கள் உடனே கேட்பது இதுதான். போதாது என்பதற்கு நல்ல சாட்சி அமேசான். தங்கள் கிளவுட் சேவைகளின் வடிவமைப்பைக் கணித முறையில் சரிபார்த்த அனுபவத்தை அதன் இன்ஜினியர்கள் 2015-இல் ஒரு கட்டுரையாக எழுதினார்கள். டைனமோடிபி டேட்டாபேஸில் அப்படிச் சிக்கிய ஒரு பிழை வெளிப்பட வேண்டுமென்றால், குறைந்தது 35 நிகழ்வுகள் ஒரு குறிப்பிட்ட வரிசையில் நடந்தாக வேண்டும். இந்த சர்வர் படுத்து, அந்த மெசேஜ் தாமதமாகி, நடுவில் இன்னொன்று எழுந்து... இப்படி 35 படி. எந்த டெஸ்டர் உட்கார்ந்து அந்த வரிசையை யோசித்து டெஸ்ட் கேஸ் எழுதுவார்? ஆனால் கோடிக்கணக்கான பேர் பயன்படுத்தும் சிஸ்டத்தில், அப்படிப்பட்ட வரிசை என்றாவது ஒரு ராத்திரி தானாகவே அமைந்துவிடும்.

அமேசான் பயன்படுத்திய டிஎல்ஏ பிளஸ் என்ற மொழியை உருவாக்கியவர் லெஸ்லி லாம்போர்ட். சிஸ்டம் தரும் வாக்குறுதிகள் இரண்டு வகை என்று 1977-லேயே பிரித்துக் காட்டியவரும் இவர்தான். ஒன்று, ‘கெட்டது நடக்காது’: ஒரே பில்லுக்கு இரண்டு முறை பணம் பிடிக்கப்படாது. இதை மீறினால், மீறிய கணத்தைக் கையோடு பிடித்துக் காட்டலாம். மற்றது, ‘நல்லது நடந்தே தீரும்’: பிடித்த பணம் ஒன்று கடைக்குப் போகும், இல்லை உங்களிடம் திரும்பும். நம்ம ‘வந்துரும்’ இந்த இரண்டாவது ரகம். கையில் பிடிபடாத ரகம்.

காலத்துக்கு ஒரு இலக்கணம்

‘எப்போதும்’, ‘எப்போதாவது’. தினமும் பேசும் இந்தச் சொற்களைக் கணிதக் குறிகளாக்கிக் கணக்குப் போட முடியும் என்று 1950-களில் காட்டியவர், நியூசிலாந்து தத்துவ அறிஞர் ஆர்தர் பிரையர். கம்ப்யூட்டரை மனதில் வைத்து அவர் அதைச் செய்யவில்லை. 1977-இல் இஸ்ரேலைச் சேர்ந்த அமீர் நூலி, ‘ஒரு புரோகிராம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எழுத இது கச்சிதமான மொழியாச்சே’ என்று அதை எடுத்துக்கொண்டார். 1996-இல் அவருக்கு டூரிங் விருது கிடைத்ததற்கு முக்கியக் காரணம் இதுதான்.

அந்த மொழிக்கு டெம்போரல் லாஜிக் என்று பெயர். அதில் பரவலாகப் புழங்கும் வகை எல்டிஎல். ‘ஜி’ என்றால் எப்போதும். ‘எஃப்’ என்றால் இப்போதோ பிறகோ, என்றாவது. நம்ம கடைப் பிரச்சினையை அதில் ஒரே வரியில் எழுதிவிடலாம்:

ஜி (பிடித்தம் → எஃப் (வரவு அல்லது ரீஃபண்ட்))

எப்போது பணம் பிடிக்கப்பட்டாலும், அதற்குப் பிறகு என்றாவது அது கடைக்கு வரவாகும் அல்லது திரும்பி வரும். அவ்வளவுதான். பேங்க் ஆப்களின் ‘விதிமுறைகள்’ பக்கத்தை விட இது தெளிவாக இருப்பதாக எனக்குப் படுகிறது.

அரியர் வைத்த பேப்பர் இங்கேதான் வருது

வாக்குறுதியை எழுதியாச்சு. அதை மெஷின் எப்படிச் சரிபார்க்கும்? இங்கேதான் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர்களைத் தூங்கவிடாமல் செய்த டிஓசி பேப்பர் வருகிறது. வட்டங்களும் அம்புகளுமாகப் போட்டோமே, ஆட்டோமேட்டா, அதேதான். ஒரு வித்தியாசம் உண்டு. பரீட்சையில் வந்த ஆட்டோமேட்டா ஒரு சொல்லைப் படித்து, கடைசி எழுத்தில் நின்று ‘சரி’ அல்லது ‘தப்பு’ என்று சொல்லும். பேமென்ட் சர்வருக்குக் கடைசி எழுத்தே கிடையாது, ஓடிக்கொண்டே இருக்கும். முடிவில்லாத சொல்லைப் படிக்கும் ஆட்டோமேட்டாவை 1960-களின் தொடக்கத்தில் கொடுத்தவர் ஜூலியஸ் ரிச்சர்ட் பூக்கி. ஓட்டம் முடியாது என்பதால் ‘எங்கே முடிந்தது’ என்று இது பார்ப்பதில்லை. ‘குறிப்பிட்ட வட்டத்துக்குத் திரும்பத் திரும்ப, முடிவே இல்லாமல் வந்துகொண்டே இருக்கிறதா’ என்று பார்க்கும்.

நம்ம வாக்குறுதிக்கு இரண்டே வட்டம் போதும். ஒன்று ‘பாக்கி இல்லை’. மற்றது ‘பாக்கி இருக்கு’. பணம் பிடித்ததும் முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குப் போகிறோம். வரவோ ரீஃபண்டோ நடந்தால் திரும்புகிறோம். ‘பாக்கி இல்லை’ வட்டத்துக்குத் திரும்பித் திரும்பி வந்துகொண்டே இருந்தால் வாக்குறுதி காப்பாற்றப்படுகிறது. ‘பாக்கி இருக்கு’ வட்டத்துக்குள் போனது வெளியே வராமலே தங்கிவிட்டால், போச்சு.

சரி, ‘வராமலே தங்கிவிட்டது’ என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கும் முடிவில்லாமல் காத்திருக்கணுமே? தேவையில்லை. சிஸ்டத்தின் மாடலில் இருக்கும் நிலைகள் எத்தனை லட்சமானாலும் ஒரு எண்ணிக்கைக்குள் அடங்கியவை. ஆகவே அது முடிவில்லாமல் தவறிக்கொண்டே இருக்க முடிந்தால், எங்கேயோ ஒரு வளையத்தில் சுற்றியும் தவற முடியும். ரீட்ரை, டைம்அவுட், மறுபடி ரீட்ரை, மறுபடி டைம்அவுட். பாக்கி தீராத அந்த வளையத்தைக் கண்டுபிடித்தால் போதும். முடிவில்லாத காத்திருப்பு, ஒரு வரைபடத்தில் வளையம் தேடும் வேலையாகச் சுருங்கிவிடுகிறது. இந்தத் துறையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

இதை முழு வழிமுறையாக 1986-இல் முன்வைத்தவர்கள் மோஷே வார்டியும் பியர் வோல்பரும். வாக்குறுதி மீறப்படும் ஓட்டங்களை மட்டும் ஏற்கும் ஆட்டோமேட்டாவைக் கட்டு. சிஸ்டத்தின் மாடலோடு அதைச் சேர்த்து ஓட்டு. வளையம் சிக்கினால் பிழை. சிக்காவிட்டால், அந்த மாடலைப் பொறுத்தவரை அந்தப் பிழை இல்லவே இல்லை. ‘டெஸ்ட் பண்ணினப்போ வரலை’ என்பதற்கும் இதற்கும் இருக்கும் தூரம் பெரியது.

ஸ்பாட் வந்த கதை

இந்த வழிமுறையின் கழுத்து, எல்டிஎல் வரியை ஆட்டோமேட்டாவாக மாற்றும் மொழிபெயர்ப்பு. வரி நீளமாக ஆக, ஆட்டோமேட்டா மோசமான சூழலில் மடங்கு மடங்காக வீங்கும். அது வீங்கினால், சிஸ்டத்தோடு சேரும்போது மொத்தக் கணக்கும் வீங்கி, மெமரி காலி. அதனால் சின்னதாக மொழிபெயர்ப்பது யார் என்று ஒரு போட்டியே நடந்தது. 1995-இல் வார்டி, வோல்பர் உள்ளிட்ட நால்வர் நடைமுறைக்கு ஏற்ற ஒரு வழியைக் கொடுத்தார்கள். 2001-இல் பால் காஸ்டினும் டெனி ஒடூவும் எழுதிய குட்டிக் கருவி வேகத்தில் அசத்தியது. காஸ்டின் பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், சென்னைக்கு வரும்போது தேவைப்படும்.

ஸ்பாட் தொடங்கியது 2003-இல், பாரிஸின் லிப்6 ஆய்வுக்கூடத்தில். ஆரம்பத்திலிருந்து இன்றுவரை அதன் முதுகெலும்பாக இருப்பவர் அலெக்சாண்டர் டுரே-லுட்ஸ். பிறகு எபிடா என்ற இன்ஜினியரிங் கல்லூரியின் ஆய்வுக்கூடத்துக்கு அவர் மாற, ஸ்பாட்டும் கூடவே போனது. 2004-இல் வந்த முதல் கட்டுரையிலேயே ஒரு தனி முடிவு தெரிந்தது: முத்திரையை வட்டத்தின் மேல் குத்தாமல் அம்பின் மேல் குத்துவது.

கேட்க அல்பமாகத்தான் இருக்கும். ஒரு உதாரணம் பாருங்கள். ஒரு சர்வரிடம் 10 கடைகள் வரிசையில் நிற்கின்றன. ஒவ்வொரு கடைக்கும் திரும்பத் திரும்ப முறை வந்துகொண்டே இருக்க வேண்டும், எந்தக் கடையும் நிரந்தரமாகக் காத்துக் கிடக்கக் கூடாது. வட்டத்தில் முத்திரை குத்தும் பழைய முறையில் இதற்கு 11 வட்டங்கள் வேண்டும். அம்பில் குத்தினால், அதுவும் 10 வித முத்திரைகளை அனுமதித்தால், ஒரே வட்டம் போதும். சிஸ்டத்தின் மாடலில் 10 லட்சம் நிலைகள் இருந்தால், ஒன்றில் சேர்க்கை 1.1 கோடி வரை போகலாம். மற்றதில் 10 லட்சத்தோடு நிற்கும்.

ஆனால் முதல் பத்து வருடம் ஸ்பாட்டைத் தொட வேண்டுமானால் சி பிளஸ் பிளஸ் எழுதத் தெரிய வேண்டும். லைப்ரரி என்றால் அப்படித்தானே, சமையலறை இருக்கும், பரிமாற ஆள் இருக்காது. 2012-இல் வந்த 1.0 பதிப்பு இதை மாற்றியது. டெர்மினலில் ஒரு வரி அடித்தால் வேலை முடியும்படி தனித்தனிக் கருவிகள் வந்தன. 2016-இல் 2.0. பைத்தானில் எழுதி, ஜூப்பிட்டர் நோட்புக்கில் ஆட்டோமேட்டாவைப் படமாகவே பார்க்கலாம். பூக்கி வகைக்கு மட்டும் என்றில்லாமல், எந்த விதமான ஏற்பு நிபந்தனையோடும் வேலை செய்யலாம் என்ற அளவுக்கு அடித்தளத்தையே திருத்தி எழுதியிருந்தார்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கோடின் அஸ்திவாரத்தைப் பெயர்த்து மாற்றுவது என்ன வேலை என்று, ஒரு பழைய புராஜெக்ட்டை மைக்ரேட் பண்ணிய யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அந்தத் திருத்தத்துக்குப் பின்னால் ஹனோய் நகரம் இருக்கிறது. 2013-இல் அங்கே நடந்த மாநாட்டில், ஒவ்வொரு கருவியும் ஆட்டோமேட்டாவைத் தன் சொந்த ஃபார்மட்டில் எழுதுவது பற்றிய புலம்பல் பேச்சாக மாறி, பேச்சு ஒரு பொது ஃபார்மட்டாக வளர்ந்தது. பெயரும் ஹனோய் ஃபார்மட்தான். செக் குடியரசு, ஜெர்மனி, பிரிட்டன், பிரான்ஸ் என்று போட்டிக் கருவிகளை எழுதியவர்களே ஒன்றாக உட்கார்ந்து 2015-இல் அதை வெளியிட்டார்கள். ஒரு கருவி எழுதியதை இன்னொன்று படிக்க முடிந்த பிறகுதான் இது ஒரு சூழலாக மாறியது.

போலீஸையே யார் செக் பண்றது?

நியாயமான கேள்வி ஒன்று பாக்கி. சாஃப்ட்வேரில் பிழை தேட ஸ்பாட். ஸ்பாட்டும் சாஃப்ட்வேர்தானே? அதில் பிழை இருந்தால்?

இருந்தால் விளைவு மோசம். தப்பாக மொழிபெயர்த்த கருவி, பிழையுள்ள சிஸ்டத்துக்கு ‘எல்லாம் ஓகே’ என்று சர்டிஃபிகேட் கொடுத்துவிடும். சர்டிஃபிகேட் வந்த பிறகு அந்த இடத்தை யாரும் திரும்பிப் பார்க்கக்கூட மாட்டார்கள். இது வெறும் பயம் இல்லை. பின்லாந்தின் ஹெய்க்கி டவ்ரியானென் பல மொழிபெயர்ப்புக் கருவிகளை ஒன்றுக்கொன்று எதிராக ஓடவிட்டுப் பார்த்தபோது, புழக்கத்தில் இருந்த கருவிகளிலேயே பிழைகள் அகப்பட்டன. அந்த யோசனையை ஸ்பாட் சுவீகரித்து, ‘எல்டிஎல்கிராஸ்’ என்ற கருவியாக்கியது.

அது செய்வது கிட்டத்தட்டக் குறுக்கு விசாரணை. ஏதோ ஒரு எல்டிஎல் வரியைத் தாறுமாறாக உருவாக்கு. அந்த வரியையும் அதற்கு நேர் எதிரான வரியையும் ஒவ்வொரு கருவியிடமும் கொடு. ‘பணம் வரும்’ என்பதற்கு ஒரு கருவி கட்டிய ஆட்டோமேட்டாவும், ‘பணம் வராது’ என்பதற்கு இன்னொரு கருவி கட்டியதும் ஒரே ஓட்டத்தை ஏற்றுக்கொண்டால், இருவரில் ஒருவர் பொய் சொல்கிறார். ஒரு ஓட்டத்தை இரண்டுமே தள்ளிவிட்டாலும் அப்படியே. சரியான விடை என்ன என்று தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. சாட்சிகள் முரண்படுவதே போதும். இதை ஆயிரக்கணக்கான வரிகளுக்கு விடாமல் செய்கிறார்கள். ஒரு லைப்ரரியை நம்புவதற்கு அதன் ஸ்டார் எண்ணிக்கையை விட இது நல்ல காரணம் என்பேன்.

அண்மைக் காலத்தில் ஸ்பாட் இன்னொரு திசையிலும் போயிருக்கிறது. வாக்குறுதியை மட்டும் கொடுத்தால், அதைக் காப்பாற்றும் கண்ட்ரோலரைத் தானே கட்டித் தருவது. ‘எல்டிஎல்சிந்த்’ என்ற அந்தக் கருவி, 2017 முதல் இதற்கென்றே நடக்கும் சர்வதேசப் போட்டியில் கலந்துகொள்கிறது. சின்ன சின்ன கண்ட்ரோலர்களுக்கு நன்றாக வேலை செய்யும். முழு பேமென்ட் சிஸ்டத்தைக் கட்டித் தரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

‘வந்துரும்’ சரி, எந்தத் தேதிக்குள்ள?

இங்கே கண்டாங்கிக் கடைக்காரர் குறுக்கிடுவார். “என்னைக்காவது வரும்னு கணக்குப் போட்டு நிரூபிச்சிட்டீங்க, சந்தோஷம். ஆனா எனக்கு வெள்ளிக்கிழமைக்குள்ள வேணுமே?”

அவர் கேட்பது சரி. எல்டிஎல்லின் ‘எஃப்’-க்குக் கெடு கிடையாது. நாளை மறுநாளும் ‘எஃப்’தான், நூறு வருடமும் ‘எஃப்’தான். பண விவகாரம் தெரிந்தவர்கள் இப்படிப் பேசவே மாட்டார்கள். நாட்டுக்கோட்டை நகரத்தார் கொழும்பிலும் ரங்கூனிலும் பினாங்கிலும் தொழில் நடத்திய காலத்தில் புழங்கிய உண்டியல்களிலேயே, காட்டியதும் பணம் தர வேண்டியது வேறு, குறிப்பிட்ட தவணை கழித்துத் தர வேண்டியது வேறு. காலம் குறிக்காத வாக்குறுதிக்குச் சந்தையில் என்ன மதிப்பு? ரிசர்வ் வங்கியும் அந்த வழியில்தான் யோசித்திருக்கிறது. 2019 செப்டம்பர் 20 தேதியிட்ட அதன் சுற்றறிக்கைப்படி, யுபிஐ-யில் பணம் பிடிக்கப்பட்டு கடைக்கு உறுதியாகவில்லை என்றால், பரிவர்த்தனை நடந்த நாளிலிருந்து 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தனிநபருக்கு அனுப்பியது என்றால் 1 நாள். தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் உங்களுக்கு 100 ரூபாய்.

‘எஃப்’-க்குப் பக்கத்தில் ‘5 நாளுக்குள்’ என்று ஒரு கெடுவைச் சேர்த்தால், ஆட்டோமேட்டாவுக்குள் கடிகாரம் வைக்க வேண்டும். அப்படிப்பட்ட டைம்டு ஆட்டோமேட்டாவை 1990-இல் கொண்டுவந்தவர்கள், ஐஐடி கான்பூரில் படித்த ராஜீவ் அலூரும் டேவிட் டில்லும். இதில் ஒரு வினோதம் உண்டு. ‘5 நாளுக்குள்’ என்று ஒரு இடைவெளி கொடுத்தால் மெஷினால் சரிபார்க்க முடியும். ‘மிகச் சரியாக 5-வது நாள் இதே நொடியில்’ என்ற கண்டிப்பை அந்த லாஜிக்கில் அனுமதித்துவிட்டால், எல்லா வரிகளுக்கும் வேலை செய்யும் ஒரு பொதுவான வழிமுறையே இருக்க முடியாது. அலூர் இருவரோடு சேர்ந்து எழுதிய அந்தக் கட்டுரையின் தலைப்பின் பொருள், ‘நேரந்தவறாமையைத் தளர்த்துவதன் நன்மைகள்’. நம்ம ஊர் ஆபீஸ் வாசலில் ஃபிரேம் போட்டு மாட்டலாம்.

கடிகாரம் வைத்த இந்தப் பக்கத்தில்தான் தமிழ்நாடு நேரடியாக வருகிறது. சிறுசேரியில் இருக்கும் சென்னை கணிதவியல் கழகம், அதாவது சிஎம்ஐ, லாஜிக்கும் ஆட்டோமேட்டாவும் ஆழமாகப் படிக்கப்படும் இடம். அதற்கும் செட்டிநாட்டுக்கும் தொடர்பு உண்டு. 1989-இல் அது தொடங்கியது ஸ்பிக் சயின்ஸ் ஃபவுண்டேஷனின் கணிதப் பிரிவாக. ஸ்பிக் உர நிறுவனத்தை நிறுவியவர் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் மகன் எம்.ஏ.சிதம்பரம். (சேப்பாக்கம் ஸ்டேடியத்தில் பார்க்கும் அதே பெயர்தான்.) அங்கே இருக்கும் மாதவன் முகுந்த், எல்டிஎல்-ஐயும் பூக்கி ஆட்டோமேட்டாவையும் இணைத்து 1997-இல் எழுதிய பாடக் குறிப்பு, இந்தத் துறைக்குள் நுழைய இன்றும் நல்ல வாசல்.

அதே சிஎம்ஐ-யின் பி.ஸ்ரீவத்சன், பிரான்ஸின் போர்தோவில் இருப்பவர்களோடு சேர்ந்து, டைம்டு ஆட்டோமேட்டாவில் கடிகாரங்களால் உண்டாகும் வீக்கத்தைக் குறைக்கும் முறைகளைக் கொடுத்திருக்கிறார். போர்தோவில் எழுதப்பட்ட ‘டிசெக்கர்’ என்ற ஓப்பன் சோர்ஸ் கருவி அந்த வகை ஆய்வின் மேல் நிற்கிறது. 2001-இல் பார்த்த பால் காஸ்டின் இங்கே திரும்ப வருகிறார். அவர், ஸ்ரீவத்சன், ஐஐடி பாம்பேயின் எஸ்.அக்ஷய் உள்ளிட்டோர் 2023-இல் கடிகாரங்களைப் பொதுமைப்படுத்திய ஒரு மாடலை வெளியிட்டு, டிசெக்கரிலேயே செயல்படுத்திக் காட்டினார்கள். அடுத்த வருடம், கெடு வைத்த டெம்போரல் லாஜிக் வரிகளை அந்த மாடலுக்கு மொழிபெயர்ப்பதைக் கையில் எடுத்தார்கள். எல்டிஎல்லுக்கு 2000-களில் நடந்த மொழிபெயர்ப்புப் போட்டி, கடிகாரத்தோடு இப்போது மறுபடி நடக்கிறது. இந்த முறை அதில் சிறுசேரி விலாசமும் இருக்கிறது.

நீங்களே போட்டுப் பார்க்கலாம்

ஸ்பாட் இலவசம், இன்ஸ்டால்கூடச் செய்ய வேண்டாம், அதன் தளத்தில் பிரவுசரிலேயே எல்டிஎல் வரியைக் கொடுத்தால் ஆட்டோமேட்டா படமாக வரும். காரைக்குடி அழகப்பா செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி கேன்டீனில் உட்கார்ந்து போனிலேயே பார்த்துவிடலாம்.

முதலில் நம்ம வரியை அப்படியே கொடுங்கள். இரண்டு வட்டங்கள் வரும். அதில் ஒரு பொறியைக் கவனியுங்கள்: பணமே பிடிக்காத, எந்நேரமும் ‘சர்வர் பிஸி’ என்று மட்டும் சொல்லும் ஆப்பும் இந்த வாக்குறுதியை நூறு சதவீதம் காப்பாற்றும். பிடித்தால்தானே திருப்பித் தர வேண்டும்! அதனால் ‘ஸ்கேன் செய்தால் என்றாவது பிடித்தமாவது நடக்கும், இல்லை ஃபெயிலியர் என்ற பதிலாவது வரும்’ என்று இரண்டாவது வரி ஒன்றும் எழுத வேண்டியிருக்கும்.

அடுத்து, முன்னால் இருக்கும் ‘ஜி’-யை மட்டும் அழித்துவிட்டுக் கொடுங்கள். படம் மாறும். இப்போது உத்தரவாதம், சிஸ்டம் ஆன் ஆன முதல் கணத்தில் நடந்த பிடித்தத்துக்கு மட்டும்தான். கடைக்கு இரண்டாவதாக வந்து ஸ்கேன் செய்த ஆளுக்கு எந்த உறுதியும் இல்லை.